எங்கிருந்து வருகிறீர்கள்?

ஆஹெனில் கடல் இல்லை. ஆறென்று சொல்லக்கூடியதும் இல்லை. நகருக்குள் ஓடிய ஓடைகளையெல்லாம் எப்போதோ நிலத்துக்கு அடியில் விட்டுவிட்டார்கள். வெந்நீர் ஊற்றுகளும், சாள்ஸ் மன்னனின் தேவாலயமும், மூன்று நாடுகளின் எல்லைகள் சந்திக்கிற 322 மீற்றர் உயரக் குன்றும்தான் எங்கள் பெருமை. ஆனாலும் இங்கே படகு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் சிலர் மாஸ் ஆற்றோரத்து ரூர்மொண்டுக்கும், இன்னும் சிலர் அன்ற்வேர்ப்பனைத் தாண்டி ஒல்லாந்தின் ஸேலாண்ட் மாகாணத்துக்கும் போய்விடுவார்கள். அப்படிப் போகிறவர்களில் ஒருவர் என் நண்பர். மயிலிட்டிக்காரர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மயிலிட்டியார் என்றே அவரைக் கூப்பிடுவோம்.

நான் கடற்கரையைச் சேர்ந்தவன் அல்ல. செம்மண் ஊர், கிணறு, புகையிலைத் தோட்டம். எங்கள் வீட்டில் மீன் வாங்குவோம், மீன் கொண்டு வருபவர்களைத் திண்ணைக்கு மேலே ஏற்றமாட்டோம். இதை இப்போது எழுதவேண்டியிருப்பதற்குக் காரணம், எனக்கு ஐம்பது வயது கடந்த பிறகு கடலைச் சொல்லித்தந்தவர் அந்தத் திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளை என்பதுதான். அவர் இதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

அவருடைய படகு ஏழு மீற்றர் நீளமுள்ள பழைய மோட்டார் படகு. இரண்டு பேர் படுக்கலாம், மூன்றாவது ஆள் குந்தியிருக்கலாம். ஒல்லாந்தில் அந்த அளவுப் படகுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. இருந்தும் அவர் ஜேர்மனியில் பரீட்சை எழுதி எடுத்தார். முடிச்சுப் போடும் சோதனையில், எட்டு வயதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு போட்டுவந்த முடிச்சை அவர் போட்டுக்காட்ட, முடிச்சு சரி, போடும் முறை புத்தகத்தில் உள்ளபடி இல்லை என்றாராம் பரீட்சகர். "டொச்சிலை கட்டச் சொல்லுறார்" என்று மயிலிட்டியார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் சங்கத்தில் ஒருவர் அவரிடம் நேராகவே கேட்டார். எங்கடை சனம் கிளாலியிலும் குமுதினியிலும் செத்த தண்ணீரில் நீங்கள் உல்லாசப் பயணம் போகலாமா என்று. அதே தண்ணீர் அல்ல என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மயிலிட்டியார் சொன்னது: "கடல் சாகிறதுக்கு மட்டும் உள்ள இடமில்லைத் தம்பி. அப்பர் அதிலைதான் எங்களை வளத்தவர்." அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறேன். என்னை இன்றுவரை விடாமல் இருப்பது வேறொரு கேள்வி.

மூன்று வருடங்களுக்கு முன் ஓகஸ்ட் மாதம். மகளின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனையும் கூட்டிக்கொண்டு போனோம். படகு நிற்பது ஃபேர்ஸ மேர் என்ற ஏரியில். அதுவும் ஒருகாலத்தில் கடல்தான். 1953 பெப்ரவரியில் வந்த வெள்ளம் நெதர்லாந்தில் 1,836 பேரைக் கொன்ற பிறகு, இரண்டு பக்கமும் அணை கட்டிக் கடலை வெளியே நிறுத்தினார்கள். அணையில் ஒரு கதவுத்தொட்டி உண்டு. அதற்குள் படகை விட்டு, நீர்மட்டம் சரியானதும் மறுபக்கக் கதவைத் திறந்தால் ஓஸ்டர்ஸ்கெல்ட. அங்கே வற்றும் பெருக்கும் உண்டு. மூன்று மீற்றர் அளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்கும். அந்தப் பெரிய கழிமுகத்தையும் மூடிவிடத்தான் முதலில் திட்டம் போட்டார்கள். மட்டி வளர்ப்பவர்களும் மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் விடவில்லை. கடைசியில் 62 இரும்புக் கதவுகளோடு ஒரு தடுப்பைக் கட்டினார்கள். சாதாரண நாட்களில் கதவுகள் திறந்திருக்கும், புயல் வந்தால் மட்டும் இறக்குவார்கள். 1986 ஒக்ரோபர் 4ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்னர், ஒக்ரோபர் 1ஆம் திகதி, கிழக்கு ஜேர்மனி தன் கதவைச் சாத்தியிருந்தது. அடுத்த நாட்டு விசா இல்லாதவர்கள் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்றிக்ஸ்ராச நிலையத்தால் மேற்கு பெர்லினுக்குள் வருகிற வழி அன்றோடு அடைபட்டது. நான் அந்த வழியால் 1985இல் வந்தவன். தேதிகள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனாலும் மனது கணக்கு வைத்துக்கொள்கிறது.

காலையில் காற்று தென்மேற்கிலிருந்து மெல்லத்தான் வீசியது. மத்தியானத்துக்குப் பிறகு மேற்குக்குத் திரும்பி ஆறு வரை ஏறும் என்று முன்னறிவிப்பு. ஆறு என்றால் பியூபோர்ட் அளவில் ஆறு. பெரிய கப்பலுக்கு ஒன்றுமில்லை, ஏழு மீற்றர் படகுக்குப் போதும். "பன்னிரண்டுக்கு அங்கையிருந்து வெளிக்கிடவேணும்" என்று மயிலிட்டியார் புறப்படும்போதே சொன்னார். அக்கரையில் ஸிரிக்ஸே என்ற பழைய துறைமுக ஊர். அங்கே கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன தடித்த கோபுரம் ஒன்று உண்டு. பேரன் அதில் ஏறவேண்டும் என்றான். ஏறி இறங்கியதும் ஐஸ்கிரீம் என்றான். கடையில் வரிசை. மயிலிட்டியார் ஆகாயத்தை இரண்டு தரம் பார்த்தார். "அண்ணை, பெடியன் ஆசைப்படுறான், இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். அவர் ஓம் என்றார். நாங்கள் புறப்படும்போது மணி இரண்டு.

கடலைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். காற்று ஆறு என்பது மட்டும் பிரச்சினையல்ல. அந்த நேரம் வற்று தொடங்கியிருந்தது. ஓஸ்டர்ஸ்கெல்டவின் தண்ணீர் முழுவதும் மேற்கே கடலுக்கு ஓடுகிறது. காற்று மேற்கிலிருந்து அதற்கு எதிரே வருகிறது. எதிர்த்து வரும் காற்றில் நீரோட்டம் மோதினால் அலை நீண்டு படுக்காது, எழும்பி நிற்கும். குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் மற்றொன்று. பாதி தூரம் கடந்திருப்போம். ஸேலாண்ட் பாலத்தின் ஐந்து கிலோமீற்றர் நீளமும் கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றது.

பழைய டீசல் தாங்கியின் அடியில் வருடக்கணக்காகப் படிந்திருக்கிற சேறு, அமைதியான ஏரியில் கிளம்பாது. அலை குலுக்கினால் கிளம்பி வடிகட்டியை அடைத்துவிடும். அதுதான் நடந்தது. மயிலிட்டியார் பேசவில்லை. அணியத்துக்குத் தவழ்ந்து போய் நங்கூரத்தை இறக்கினார். அது பிடிக்கும் வரை கயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிகட்டியை மாற்றப் பார்த்தார். படகு ஆடிய ஆட்டத்தில் முடியவில்லை. பேரன் சத்தி எடுத்தான். உயிர்காப்பு அங்கிக்குள் அவன் முகம் மாத்திரம் வெளியே தெரிந்தது, வெள்ளைவெளேரென்று. நான் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மயிலிட்டியார் வி.எச்.எஃப்பில் 16ஆம் அலைவரிசையில் கூப்பிட்டார். மேடே இல்லை, பான் பான். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மேடே; உதவி அவசரமாகத் தேவை, ஆனால் இன்னும் மூழ்கவில்லை என்றால் பான் பான். அந்த நேரத்திலும் அந்த வித்தியாசத்தைக் கவனித்தாரே என்று பிறகு யோசித்தேன். மறுபக்கத்தில் ஒரு பெண் குரல், நிதானமான ஆங்கிலம். படகின் பெயர் என்ன? எந்த இடத்தில் நிற்கிறீர்கள்? என்ன நடந்தது? எத்தனை பேர்? பிள்ளைகள் இருக்கிறார்களா? எல்லோரும் அங்கி போட்டிருக்கிறீர்களா?

அவ்வளவுதான். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. முன்னறிவிப்பைப் பார்க்கவில்லையா என்று கேட்கவில்லை. எந்த நாட்டவர்கள் என்று கேட்கவில்லை. நான் அந்த நேரத்தில் இதையெல்லாம் கவனித்தேனென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது அந்தக் கேள்விகளின் வரிசை அப்படியே காதில் திரும்ப வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையும் வந்தது. 1985இல் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து நான் பதில் சொன்ன கேள்விகள். எந்தப் பாதையால் வந்தீர்கள்? யார் அனுப்பினார்கள்? எவ்வளவு காசு? ஏன் கொழும்பில் இருக்கமுடியாது? ஏன் இந்தியாவுக்குப் போகவில்லை? அங்கே "ஏன்" என்பது மட்டும்தான் கேள்வி. எத்தனை பேர் படகில் இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கணக்கில் ஒன்பது பேர்.

மீட்புப் படகு வந்து எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு கதவுத்தொட்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டது. ஒல்லாந்தில் 1824இலிருந்து இந்த மீட்புச் சங்கம் இயங்குகிறது. நன்கொடையில் ஓடுகிறது, படகில் வருகிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், கடையிலோ பட்டறையிலோ வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள். உயிரைக் காப்பாற்றியதற்குக் காசு கேட்கமாட்டார்கள். ஜேர்மனியில் 1865இல் தொடங்கிய சங்கமும் அப்படித்தான். அவர்களுடைய சிறிய உண்டியல் படகைக் கடற்கரை ஊர்களின் கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

கரையில் அந்தத் தொண்டர்களில் ஒருவர் ஒரு படிவத்தை நிரப்பினார். ஸிரிக்ஸேயிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள் என்று கேட்டார். "பன்னிரண்டு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் தண்டிக்கப்போவதில்லை. காசு கேட்கப்போவதில்லை. வெட்கம் மட்டும்தான். ஈரமாக, கறுப்பாக, அறுபது வயதில், ஒரு சின்னப் பிள்ளையையும் கொண்டுவந்து நடுக்கடலில் விட்ட முட்டாள்கிழவனாக அவர் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. பேரன் பக்கத்தில் நின்றான். டொச்சில் திருத்தினான்: "இல்லை அம்மப்பா, இரண்டு மணி. ஐஸ்கிரீமுக்குப் பிறகு." அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே ஏதோ எழுதினார். பிறகு மயிலிட்டியாரிடம், தாங்கியைக் கழுவாமல் வடிகட்டியை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

1986 ஓகஸ்டில் நான் வட ஜேர்மனியில் ஒரு ஹைமில் இருந்தேன். வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டக் கடிதம் வேண்டும். சாப்பாடு பொதியாக வரும். அந்த ஹைமின் பொது அறையில் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம்: கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள். ஓகஸ்ட் 11ஆம் திகதி. குஸ் டால்ற்றன் என்ற மீனவர்தான் முதலில் கண்டார். மீன்பிடிக்கப் போனவர், தன் படகு கொள்ளுமட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மற்றப் படகுகளைக் கூப்பிட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பிறகு அதிகாரிகள் கேட்டபோது, இந்தியாவிலிருந்து என்றார்கள். அது பொய். சில நாட்களில் வெளியே வந்தது. வேசர் ஆற்றங்கரையிலுள்ள பிராக்க துறைமுகத்திலிருந்து, ஜேர்மன் தலைவன் ஒருவனின் ஒரிகே என்ற கப்பலில், ஆளுக்குப் பல ஆயிரம் மார்க் கொடுத்துப் போனவர்கள். எங்களைப் போல ஹைம்களில் இருந்தவர்கள். ஜேர்மனிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் சொன்ன பொய்.

அந்தப் பயணத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் அறைவரை வந்தது. என்னிடம் காசு இல்லை, அதனால் போகவில்லை. துணிவில்லாமலும் இருந்திருக்கலாம். செய்தியைப் பார்த்தபோது முதலில் ஒருவித நிம்மதி: நல்லவேளை, நான் அதில் இல்லை. லுக்ரீசியஸ் என்ற ரோமக் கவிஞர் இதைச் சொல்லியிருக்கிறார் என்று பிறகுதான் அறிந்தேன். கரையில் நின்று பிறர் கடலில் படும்பாட்டைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு; அவர்கள் துன்பப்படுகிறார்கள் என்பதால் அல்ல, நமக்கு அது இல்லை என்பதால். ஹன்ஸ் புளூமன்பேர்க் என்ற ஜேர்மன் மெய்யியலாளர் 1979இல் இந்த ஒரு படிமத்தைப் பின்தொடர்ந்தே ஒரு சிறிய புத்தகம் எழுதினார்: கப்பல் உடைவதும், அதைப் பார்த்துநிற்பவனும். பார்த்துநிற்பவன் உண்மையில் கரையில்தான் நிற்கிறானா என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகம்.

பொய் வெளியானதும் என் நிம்மதி கோபமாக மாறியது. "இனி எங்கள் ஒருத்தனையும் நம்பமாட்டாங்கள்" என்று நான்தான் அந்த அறையில் உரத்துச் சொன்னேன். "பொய்யர்கள்" என்றும் சொன்னேன். கனடாவில் பலரும் அதையே சொன்னார்கள். காப்பாற்றினோம், ஏமாற்றிவிட்டார்கள். அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வருடம் தங்கி வேலைசெய்ய அனுமதி கொடுத்தது. ஆனால் மனக்கசப்பு தங்கியது. அடுத்த வருடம் நோவா ஸ்கோஷியாவில் சீக்கியர்கள் 174 பேர் கரையிறங்கியபோது, சட்டத்தை இறுக்கும் வேலை தீவிரமானது. பொய்க்கு விலை உண்டு, அதைப் பெரும்பாலும் பின்னால் வருகிறவன் கட்டுகிறான். நான் அன்று கோபப்பட்டதில் இந்த அளவுக்கு நியாயம் இருந்தது. அதை இன்றும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நான் விட்டுக்கொடுப்பது வேறொன்றை. அந்த 155 பேரைக் காப்பாற்றியது அவர்கள் சொன்ன கதைக்குக் கிடைத்த கூலி அல்ல. டால்ற்றன் கண்டபோது அவர்கள் எந்தக் கதையும் சொல்லியிருக்கவில்லை. மூடுபனி, அளவுக்கு மீறி நிரம்பிய இரண்டு படகுகள், கை காட்டும் மனிதர்கள். கதை பிறகுதான் வந்தது. பிறகு வந்த கதை பொய்யானால், முன்னர் நடந்த மீட்பு எப்படி ஏமாற்றப்பட்டதாகும்? கடல் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. 1979இல், அதே 1979இல், ஹம்பேர்க்கில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேடல் மீட்பு உடன்படிக்கை, ஆபத்தில் இருப்பவரின் நாடு எது, அந்தஸ்து என்ன, எந்த நிலைமையில் அகப்பட்டார் என்பதையெல்லாம் பாராமல் உதவச் சொல்கிறது.

2004இல் காப் அனமூர் கப்பல் மத்தியதரைக் கடலில் 37 ஆபிரிக்கர்களைக் காப்பாற்றியபோதும் இதே கதைதான். சூடானியர் என்றார்கள், பெரும்பாலோர் வேறு நாட்டவர்கள் என்று தெரியவந்தது. கப்பல் தலைவரையும் சங்கத் தலைவரையும் இத்தாலி கைதுசெய்து வழக்குப் போட்டது. 2009இல்தான் விடுதலை. அந்த வருடங்களில் ஜேர்மன் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தப் பொய்யைப் பற்றி எழுதிய அளவுக்குப் படகைப் பற்றி எழுதவில்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, அது லேசானதல்ல. கடலிலிருந்து தூக்குவது சில மணிநேர வேலை. பக்கத்தில் வாழவிடுவது ஆயுட்கால வேலை. முதலாவதற்குக் கேள்வி தேவையில்லை என்பதால் இரண்டாவதற்கும் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஒரு நாடு யார் வருகிறார்கள் என்று கேட்கத்தான் செய்யும். நான் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கேட்காத கேள்வியா? அப்படியானால் கடல் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். சட்டம் "பாதுகாப்பான இடம்" என்ற சொல்லைப் போட்டிருக்கிறது, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை மீட்பு முடியவில்லை என்று. இன்று மத்தியதரைக் கடலில் கப்பல்கள் நாட்கணக்காகத் துறைமுகத்துக்குக் காத்து நிற்பதெல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல்தான். அந்த 155 பேருக்கு ஜேர்மனி பாதுகாப்பான இடம்தானே என்று கனடாவில் கேட்டார்கள். மூழ்காமல் இருப்பதற்கு ஆம். ஆனால் நான் அந்த ஹைமில் இருந்தவன். நாங்கள் நங்கூரத்தில் நின்றோம், கரையில் நிற்கவில்லை.

இதை மயிலிட்டியாரிடம் ஒரு நாள் கேட்டேன், சுற்றி வளைத்துத்தான். அவருடைய அப்பா, கடலில் எங்காவது ஒரு வள்ளத்தில் சறமோ சேட்டோ தூக்கிக் கட்டியிருக்கக் கண்டால், வலையை விட்டுவிட்டுப் போவாராம். வலைச் சண்டையில் கோட்டுக்குப் போனவனாக இருந்தாலும்.

"கடத்தல்காரனெண்டாலுமோ அண்ணை?"

"ஏன், கடத்தல்காரன் மூழ்கமாட்டானோ?"

சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா கரைக்குக் கொண்டுவந்து, தேத்தண்ணி குடுத்துப்போட்டு, பிறகு வாங்கு வாங்கெண்டு வாங்குவார். என்ன விசர் வேலை பாத்தனி எண்டு. அடியும் விழும்."

தேத்தண்ணீருக்குப் பிறகு. கேள்வியே வேண்டாம் என்பவர்களோடும், கேள்விதான் முதலில் என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாததற்குக் காரணம் இந்த வரிசைதான் போலிருக்கிறது. திட்டு வாங்குகிறவனுக்கு அந்தத் திட்டில் ஒரு ஆறுதலும் இருந்திருக்கும்; மூழ்காதவனைத்தானே திட்டமுடியும். ஆனால் உலர்ந்த உடுப்புக்கும் சூடான தேநீருக்கும் முன்னால் கேட்கப்படும் கேள்வி பொய்யைத்தான் வரவழைக்கும். எனக்கு அங்கி கழற்றுமுன்பே ஒரு பொய் வாயில் வந்துவிட்டது. அவர்கள் பயந்தது திருப்பி அனுப்பப்படுவதற்கு. நான் பயந்தது ஐஸ்கிரீம் கடை வரிசை வெளியே தெரிந்துவிடும் என்பதற்கு.

எங்கள் காரியத்தில் மயிலிட்டியார் என்னைத் திட்டவில்லை. அன்று மாலை படகைக் கட்டிக்கொண்டு நின்றபோது மன்னிப்புக் கேட்டேன். "தண்டையல் நான்" என்றார். "நீர் கேட்டது பிழையில்லை. நான் ஓமெண்டதுதான் பிழை." அடுத்த சனிக்கிழமை தனியே போய்த் தாங்கியைக் கழற்றிக் கழுவினார். கூட வரவா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றார். அதில் கொஞ்சம் கோபம் இருந்தது என்று நினைக்கிறேன்; இருந்திருக்கவேண்டும்.

திரும்பி வரும் வழியில், அன்ற்வேர்ப்பன் சுற்றுவட்டத்தில் வாகன நெரிசலில் நின்றபோது பேரன் கேட்டான்: "ஏன் அம்மப்பா அந்த மாமாவுக்குப் பொய் சொன்னீங்கள்?" வெட்கத்தில் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. அப்போது அவனுக்கு அந்த இரண்டு படகுகளைப் பற்றிச் சொன்னேன். ஜேர்மனியிலிருந்து போனதை, மூடுபனியை, மீனவரை, இந்தியா என்று சொன்னதை. நான் அவர்களைப் பொய்யர்கள் என்று கத்தியதையும் சொன்னேன். அவன் தமிழில் பாதி விளங்காமல் டொச்சில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"அவங்கள் பொய் சொன்னது மீன்பிடிக்கிறவருக்குத் தெரியவந்ததா?"

தெரியவந்தது என்றேன்.

"பிறகு?"

2016இல், முப்பது வருடங்கள் கழித்து, அவர்களில் சிலர் நியூபவுண்ட்லாந்துக்குத் திரும்பப் போய் அவரைச் சந்தித்து நன்றி சொன்னார்கள் என்றேன். அவன் கொஞ்ச நேரம் கண்ணாடியால் வெளியே லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எங்களை இழுத்துவந்த படகுக்காரருக்கு நாங்கள் நன்றி சொன்னோமா என்று கேட்டான். நான் யோசித்துப் பார்த்தேன். மயிலிட்டியார் சொன்னார். நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.